அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் ரத்தக்கட்டு: ஹோமில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

அல்சூர்_ஏரி:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் அப்பா அம்மாவை முதியோர் ஹோமில் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய். நடப்பார், ஆனால் கூடவே ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹென்னூர் பக்கம் ஒரு ஹோமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனபோது இரண்டு மணிக்கட்டிலும், வளையல் போடும் இடத்தில், கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "கட்டில் கம்பியில இடிச்சிக்கிட்டிருப்பாங்க மேடம், வயசானவங்க தோலு அப்படித்தான்" என்றார்கள். சென்னையில் இருக்கும் தங்கை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வா என்கிறாள். அண்ணனோ, அம்மா ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார், தொட்டாலே கன்றும், ஊரைக் கூட்டாதே என்கிறார். வீட்டுக்குக் கூட்டிவந்தால் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஹோமில் போய் என்னதான் கேட்பது? சண்டை போட்டுவிட்டு நான் வந்தபிறகு கோபத்தை அம்மாமேல் காட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

காக்ஸ்டவுன்_காபி:
முதலில் போட்டோ எடுங்கள். இரண்டு கையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. அப்புறம் ஹோமுக்கு வந்துபோகும் டாக்டரிடம் காட்டாமல் வெளியே வேறு ஒருவரிடம் காட்டி, பார்த்ததை ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சண்டையெல்லாம் பிறகு.

ஓசூர்_ஷட்டில்:
எதற்கு இவ்வளவு யோசனை? ரெண்டாயிரம் ரூபாய்க்கு வைஃபை கேமரா வருகிறது. கடிகாரம் மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியாது. அம்மா கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டு வாருங்கள், ரெண்டு நாளில் உண்மை வெளியே வந்துவிடும். இந்த ஹோம்காரர்கள் எல்லாம் ஒரே ரகம். நான் கேள்விப்பட்ட ஒன்று கொத்தனூரில் இருக்கும் [நீக்கப்பட்டது].

நெறியாளர்:
ஹோமின் பெயரை நீக்கியிருக்கிறேன். கேள்விப்பட்டதை வைத்து இங்கே பெயர் போட வேண்டாம். நடந்ததை எழுதுங்கள், பெயர் இல்லாமலே எல்லோருக்கும் பயன்படும்.

இரவுப்பணி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். ஐசியுவில் இருந்துவிட்டு இப்போது முதியோர் வார்டில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. வயதானால் தோல் பேப்பர் மாதிரி ஆகிவிடும், புறங்கையிலும் முன்கையிலும் செந்நீலத் திட்டுகள் தானாகவே வரும், குளோபிடோக்ரல் அல்லது ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். ஆனால் அவை ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இரண்டு கையிலும் ஒரே உயரத்தில், வளையம் போட்ட மாதிரி இருக்கிறது என்றால் இடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், அல்லது எதையோ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்கையின் உட்பக்கம், அக்குள், தொடையின் உட்பக்கம், மார்பு, காதுக்குப் பின்னால், கழுத்து, இந்த இடங்களையும் பாருங்கள். தானாக இடித்துக்கொள்ளும் இடங்கள் இல்லை இவை. நிறத்தைப் பார்த்து "இது மூன்று நாள் பழசு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டாக்டர்களாலேயே அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது.

அதற்காக அடிக்கிறார்கள் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நான் பார்த்தவரை இந்த மாதிரி தடம் பெரும்பாலும் கெட்ட புத்தியால் வருவதில்லை, ராத்திரி ஆள் பற்றாமல் வருகிறது. பாட்டி எழுந்து எழுந்து நடக்கிறார், விழுந்தால் நம் தலை உருளும் என்று துப்பட்டாவை எடுத்துக் கட்டில் கம்பியோடு கட்டிவிடுவார்கள். காலையில் அவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தப்பு தப்புதான். ஆனால் அடிப்பவரை வேலையைவிட்டு அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும். கட்டுவது அப்படி இல்லை, அந்த ஆயாவை அனுப்பினாலும் அடுத்து வருபவரும் கட்டத்தான் போகிறார்.

நீங்கள் கேட்க வேண்டியது இவை. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அதில் தூங்கும் ஆளைக் கழித்து. விழுந்தது, காயம்பட்டது எல்லாம் எழுதும் நோட்டு இருக்கிறதா, அதைக் காட்டுவார்களா. அம்மாவின் மருந்துச் சார்ட், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதோடு. சமீபத்தில் தூக்க மாத்திரை, குயட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரி ஏதாவது புதிதாகச் சேர்த்தார்களா. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குயட்டியாபின், ரிஸ்பெரிடோன் வகை மனநோய் மருந்துகள் உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரிக்கை கொடுத்தது. சில நேரம் வேறு வழியில்லாமல் டாக்டரே எழுதுவார், அது வேறு. ஹோமில் அவர்களாகவே கொடுத்தால் அதுவும் கட்டிப்போடுவதுதான், துணி இல்லாமல்.

சார்ட்டைப் பெயர் மறைத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

காக்ஸ்டவுன்_காபி:
அந்த நோட்டு விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். "எங்க ஹோம்ல இதுவரை யாருமே விழுந்ததில்லை மேடம்" என்று சொல்லும் இடத்திலிருந்து நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இருபது வயதானவர்கள் இருக்கும் இடத்தில் யாருமே விழாமல் எப்படி? விழுந்ததை எழுதிவைத்து, அன்றைக்கே போன் செய்து சொல்லும் இடமாகப் பார்த்துச் சேர்த்தேன். மாமியார் அங்கேயும் விழுந்தார். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

ஓசூர்_ஷட்டில்:
சிஸ்டர், நோட்டில் அவர்கள் எழுதுவதுதானே? பொய் எழுதினால் என்ன செய்வீர்கள்? கேமரா பொய் சொல்லாது.

வாய்தா:
வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. அம்மா இருப்பது தனி அறையா, பகிர்ந்த அறையா? பகிர்ந்த அறை என்றால் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு டயாப்பர் மாற்றுவதும் உங்கள் போனில் ஓடும். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். தனி அறை என்றாலும் உங்கள் அம்மாவின் மானமும் அதில் இருக்கிறது. அந்தக் காட்சி எந்த சர்வரில் போய் உட்காருகிறது என்று யாருக்குத் தெரியும்? ஹோமிடம் எழுத்தில் கேட்டு, தாழ்வாரத்திலும் ஹாலிலும் கேமரா வைக்கச் சொல்வது வேறு. அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

கட்டிப்போடுவது பற்றி: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை முழுக்கத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது என்றால், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். இது மனநல நிலையங்களுக்கான சட்டம், சாதாரண முதியோர் இல்லத்துக்கு அப்படியே பொருந்தாது என்று ஹோம் தரப்பில் வாதாடலாம். ஆனால் அந்தச் சட்டமே இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கும்போது ஒரு ஆயா துப்பட்டாவால் கட்டியதை "நார்மல் மேடம்" என்று எந்த ஹோமும் சொல்ல முடியாது.

யாரிடம் கேட்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நாடு முழுவதற்கும் 14567, மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன், காலை 8 முதல் இரவு 8 வரை. பெங்களூரில் 1090 தனியாக இருக்கிறது, நகரப் போலீஸும் நைட்டிங்கேல்ஸ் டிரஸ்டும் சேர்ந்து 2002 முதல் நடத்துவது. ஹோமோடு நேரடியாக மோதாமல் நடுவில் ஒருவர் வந்து பேச இது நல்ல வழி. உயிராபத்து என்றால் மட்டும் 112, அங்கே யோசிக்கவே வேண்டாம்.

ஓசூர்_ஷட்டில்:
சரி அண்ணா, பக்கத்துக் கட்டில் பாட்டியை நான் யோசிக்கவில்லைதான். ஆனாலும் அறைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

காக்ஸ்டவுன்_காபி:
வழி இருக்கிறது தம்பி, கால்தான் வலிக்கும். ஞாயிறு 11 மணிக்குப் போனால் எல்லாப் பாட்டியும் தலை சீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். சாயந்திரம் ஆயாக்கள் ஷிஃப்ட் மாறும்போது போங்கள். படுக்கவைத்தே ஊட்டுகிறார்களா, நிமிர்த்தி உட்காரவைத்தா, சாப்பிட்டு முடித்ததும் உடனே சாய்க்கிறார்களா, இதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். புரையேறி நுரையீரலில் சாப்பாடு போய் நிமோனியா வந்து எத்தனை பேர் போகிறார்கள் தெரியுமா? முடித்து அரை மணியாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும். "விசிட்டிங் டைம் முடிஞ்சிது" என்று கேட்டிலேயே நிறுத்தினால் அதுவும் ஒரு பதில்தான்.

தங்கவயல்:
இங்கே இன்னும் யாரும் தொடாத ஒன்று மொழி. அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாம் சரளமாக வரும். மறதி நோய் முற்ற முற்றப் பின்னால் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் தமிழ் மட்டும் நின்றது. ஹோமில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளோ ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். அப்பா பாத்ரூம் போகணும் என்பார், அவர்கள் "க்யா தாத்தா, க்யா" என்று சிரிப்பார்கள். இவர் தானே எழுவார், அவர்கள் தோளைப் பிடித்து உட்கார வைப்பார்கள், இவர் கையை ஓங்குவார். நோட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "முரட்டுத்தனம்." அடுத்த வாரம் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். ஒண்ணுக்கு வருது என்று சொன்ன மனுஷனுக்கு மாத்திரை!

அந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து அப்பா வழக்கமாகச் சொல்லும் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர், பசி, ஒண்ணுக்கு, வலி, குளிர், லைட்டை அணை. பக்கத்தில் படமும் வரைந்தேன். அதில் ஒரு பெண் இரண்டே வாரத்தில் "தாத்தா, வலி எங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை டாக்டரே நிறுத்தினார்.

இரவுப்பணி:
தங்கவயல் அண்ணா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. பேச்சே போய்விட்டவர்களுக்கு வலியைக் கண்டுபிடிக்க பெயின்ஆட் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பு, தொட்டுச் சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா, இந்த ஐந்துக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண். மொத்தம் பத்து. அம்மாவைப் புரட்டும்போது மட்டும் நெற்றி சுருங்குகிறது என்றால் இடுப்பையோ முதுகையோ பாருங்கள், படுக்கைப் புண் ஆரம்பித்திருக்கலாம். இன்னொன்று, நேற்று வரை சாதுவாக இருந்தவர் திடீரென்று ஒரே நாளில் கத்துகிறார், ஆளை அடிக்கிறார் என்றால் மறதி நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, இவைதான் முதல் சந்தேகம். காய்ச்சலே இல்லாமலும் வரும்.

அல்சூர்_ஏரி:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் காட்டினேன். "கட்டியதால் ஏற்பட்ட தடமாக இருக்க வாய்ப்பு" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேறு இடங்களில் எதுவும் இல்லை. மருந்துச் சார்ட் இதோ:

காலை 8: குளோபிடோக்ரல், பிபி மாத்திரை, தைராய்டு
மதியம் 1: கால்சியம்
இரவு 8: லாசிக்ஸ், டோனபெசில், கொழுப்பு மாத்திரை

தூக்க மாத்திரை எதுவும் இல்லை என்கிறார்கள். ராத்திரி 16 பேருக்கு ஒரே ஆயா.

இரவுப்பணி:
லாசிக்ஸ் இரவு எட்டு மணிக்கா?!

அது நீர் பிரியும் மாத்திரை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை இழுக்கும். அதாவது ஒன்பது மணியிலிருந்து விடிகாலை நாலு மணி வரைகூட அம்மாவுக்கு ஒண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். அவர் எழாமல் என்ன செய்வார்? டயாப்பர் போட்டிருந்தாலும் அதிலேயே போக மனம் ஒப்பாது, அந்தக் காலத்து மனுஷிகளுக்கு நினைவு போனாலும் அந்தக் கூச்சம் போகாது. எழுகிறார், ஒரே ஆயா மற்ற பதினைந்து பேரையும் பார்க்க வேண்டும், கட்டிவிடுகிறாள். டாக்டரிடம் கேளுங்கள், இதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று. பெரும்பாலும் காலையில்தான் கொடுப்பார்கள். யாரோ சார்ட் எழுதும்போது கட்டம் மாறியிருக்கலாம். நீங்களாகவோ ஹோமாகவோ மாற்ற வேண்டாம், எழுதிக்கொடுத்தவர் சொல்லட்டும். தைராய்டு மாத்திரையையும் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுக்காமல் வெறும் வயிற்றில் தனியாகக் கொடுக்க வேண்டும், அதையும் கேட்டுவிடுங்கள்.

கட்டில் கம்பியை உயர்த்திவிட்டால் பத்திரம் என்று ஹோமில் சொல்வார்கள். மறதி நோயாளி அந்தக் கம்பிமேல் ஏறித்தான் இறங்குவார், விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போடச் சொல்லுங்கள். பாத்ரூம் வழியில் ராத்திரி மங்கலாக ஒரு விளக்கு. படுப்பதற்கு முன் ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை அவர்களாகவே கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மர்ஃபிடவுன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 16 பேருக்கு ஒரு ஆள் என்றதும் எனக்குத் தடம் ஞாபகம் வரவில்லை, தீதான் ஞாபகம் வந்தது. 2023 ஜனவரி முதல் தேதி விடிகாலையில் டெல்லி கிரேட்டர் கைலாஷில் ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு வயதான பெண்கள் இறந்தார்கள். நம் ஊர் ஏர்வாடியை யாரும் மறந்திருக்க மாட்டோம், 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிவைத்த 28 மனநோயாளிகள் ஓடமுடியாமல் எரிந்துபோனார்கள். பெங்களூர் ஹோம்கள் பாதி எப்படி இருக்கின்றன? மூன்று மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, எல்லா ஜன்னலுக்கும் கம்பி, மாடிப்படிக்கு ஒரு கிரில் கேட், அதற்கு ஒரு பூட்டு. பெரியவர்கள் தெருவில் இறங்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக, புரிகிறது. சாவி ராத்திரி யாரிடம் இருக்கிறது? அந்த ஆயா இரண்டாவது மாடியில் டயாப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போது கீழே புகை வந்தால்?

நான் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் எழுந்திருக்கவே முடியாதவர்களை மேல் மாடியில் வைத்திருந்தார்கள், நடப்பவர்கள் கீழே. லிஃப்ட் இருக்கிறதே சார் என்றார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் போகக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். இன்னொரு இடத்தில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் படம், அதற்கு முன்னால் எண்ணெய் விளக்கு. நான் ஆத்திகன்தான், அதனாலேயே சொல்கிறேன், அந்தப் பிள்ளையாருக்குச் சின்ன எல்இடி பல்பு போதும். தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், அதை எடுத்து எப்படி இழுப்பது என்று ராத்திரி ஆயாவிடம் கேளுங்கள்.

அல்சூர்_ஏரி:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1090-இல் பேசினேன், அவர்கள் சொன்னபடி எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அண்ணனையும் வைத்துக்கொண்டு ஹோமில் உட்கார்ந்தோம். முதலில் இல்லை என்றார்கள். சீட்டைக் காட்டியதும் மேனேஜர் ஆயாவைக் கூப்பிட்டார், அந்தப் பெண் அழுதுகொண்டே ஆமாம் என்றது. உடனே "இவளை இன்னைக்கே அனுப்பிடறோம் மேடம்" என்றார். வேண்டாம் என்றேன், அண்ணனுக்கே ஆச்சரியம். ராத்திரி இன்னொரு ஆள், கட்டில் தாழ்த்துவது, காயம் என்றால் அன்றைக்கே போன், இது மூன்றும் எழுத்தில் வேண்டும், ஒரு மாதம் பார்ப்பேன், இல்லையென்றால் வேறு இடம் என்று சொல்லியிருக்கிறேன். லாசிக்ஸைக் காலைக்கு மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஓசூர்_ஷட்டில்:
என்ன அக்கா இது, கட்டிப்போட்டவளை அனுப்ப வேண்டாம் என்றீர்களா? ரொம்ப நல்ல மனசு. நானாயிருந்தால் போலீஸ்தான்.

பெயர்_வேண்டாம்:
நான் தினமும் படிப்பேன், எழுதியதில்லை. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம், இங்கே பெங்களூரில் ஒரு ஹோமில் ஆயா வேலை. அந்த ஹோம் இல்லை, வேற. ஓசூர் அண்ணா, ஒரு ராத்திரி வந்து பாருங்கள். எட்டு மணிக்கு டூட்டி ஏறினால் காலை எட்டு மணிக்குத்தான் இறங்குவேன். 14 பேர், நான் ஒருத்தி. அதில் ஐந்து பேர் படுக்கையோடு, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒரு ஆளைப் புரட்டி, துடைத்து, டயாப்பர் மாற்றி, பவுடர் போட்டு, தலையணை வைக்க எனக்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஐந்து பேருக்குப் போட்டுப் பாருங்கள். முடித்தால் முக்கால் மணி நேரம்தான் மிச்சம், முதல் ஆளுக்கு மறுபடியும் நேரம் வந்துவிடும். இதற்கு நடுவில் ஒரு தாத்தா யூரின் டியூபைப் பிடுங்குவார், ஒரு பாட்டி கேட்டை ஆட்டுவார். நான் யாரையும் கட்டியதில்லை. ஆனால் கட்டிய பெண்ணைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

கிளவுஸ் ஒரு ஜோடிதான் தருவார்கள், ராத்திரி முழுவதும் அதுதான். சொந்தக்காரங்க வந்தால் பெட்ஷீட் ஏன் அழுக்கு என்று கத்துவாங்க, கிளவுஸ் இருக்கா என்று ஒருத்தர் கேட்டதில்லை. நேற்று முன்தினம் ராத்திரி ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போட்டு மூடும்போது ஊசி என் விரலில் ஏறிவிட்டது. நர்ஸ் இல்லை, நாங்கள்தான் போடுவோம். மேனேஜரிடம் சொன்னதற்கு டெட்டால் போடு, ஒண்ணும் ஆகாது என்றார். ஒண்ணும் ஆகாதுதானே?

அப்புறம் இன்னொன்று. அந்த மேனேஜர் ராத்திரி ரவுண்ட்ஸ் என்று நாங்கள் துணி மாற்றும் ரூமுக்குக் கதவு தட்டாமல் வருகிறார். இதை யாரிடம் சொல்வது? 1090 பெரியவங்களுக்குத்தானே?

இரவுப்பணி:
தங்கச்சி, ஊசி குத்தி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார். நேற்று முன்தினம் ராத்திரி என்றால் இன்னும் 72 மணி நேரம் ஆகியிருக்காது. இப்போதே கிளம்பி சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போ, விக்டோரியா பக்கம் என்றால் அங்கே போ. "ஊசி குத்திவிட்டது, வேறு ஆளுக்குப் போட்ட ஊசி" என்று சொல், அவர்களுக்குப் புரியும். அந்தத் தாத்தாவுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி இருக்கிறதா என்று தெரியாதவரை இருப்பதாக நினைத்துத்தான் நடக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தர மாட்டார்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறாயா? இல்லையென்றால் அங்கேயே கேள், 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. பயப்படாதே, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டெஸ்ட், மேனேஜர் இல்லை.

இனிமேல் குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காதே, டெட்டால் ஊற்றாதே. போட்ட ஊசியை மறுபடி மூடவே கூடாது, நிறையப் பேருக்குக் குத்துவது அங்கேதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போடு.

ஓசூர்_ஷட்டில்:
சிஸ்டர், நான் இப்போது பானஸ்வாடியில்தான் இருக்கிறேன், கார் இருக்கிறது. எங்கே என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து பௌரிங்கில் விட்டுவிடுகிறேன்.

பெயர்_வேண்டாம்:
ரொம்ப நன்றி அண்ணா. என் கூட வேலை செய்யும் அக்கா ஆட்டோ பிடித்துவிட்டாங்க. போகிறோம்.

வாய்தா:
போய்விட்டு வந்து படியுங்கள். மேனேஜர் விஷயத்துக்குத் தனி வழி உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், எல்லோரும் போஷ் என்பார்களே, அது ஐடி கம்பெனிக்கு மட்டும் இல்லை, முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்ப்பவருக்கும் உண்டு. உங்கள் ஹோமில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ இந்தப் புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் என்றால் ஹோமிலேயே உள்குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. தேதி, நேரம், கூட யார் இருந்தார்கள் என்று இப்போதே ஒரு தாளில் குறித்துவையுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து கொடுத்தால் பலம்.

பெயர்_வேண்டாம்:
பௌரிங்கில் மாத்திரை கொடுத்தார்கள் அக்கா. ரத்தம் எடுத்தார்கள். தாத்தாவின் ரத்தத்தையும் டெஸ்ட் செய்யணும், ஹோமில் சொல்லு என்று சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள். வக்கீல் சார், மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயார். எங்களுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழில் கொடுத்தால் வாங்குவார்களா?

தங்கவயல்:
நான் கன்னட மீடியத்தில் படித்தவன். நடந்ததைத் தமிழில் எழுதித் தனிச்செய்தியில் அனுப்பம்மா, வாய்தா சார் ஒருமுறை பார்க்கட்டும், கன்னடத்தில் நான் எழுதித் தருகிறேன். பெயர், ஹோம் விவரம் எதுவும் இங்கே போட வேண்டாம்.